ரீமேக்கா, புதுக்கதையா? ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ரசிகர்கள் எதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

ஒரு வீடியோ கேம். அதில் வரும் ஒரு பெண் பாதிக் கதையில் கொல்லப்படுகிறாள். இது நடந்தது 1997ல். ஆனால் அவள் செத்தாளா, சாகவில்லையா, சாகத்தான் வேண்டுமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சொல்லப்போனால், 2024க்குப் பிறகு அந்தச் சண்டை இன்னும் சூடாகிவிட்டது.

காரணம், ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமை மூன்று பாகங்களாக ரீமேக் செய்துகொண்டிருப்பதுதான். இரண்டு பாகங்கள் வந்துவிட்டன. மூன்றாவது பாகத்தில் என்ன வர வேண்டும், என்ன வரவே கூடாது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு பழைய கேமுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? ரீமேக் என்றால் ரசிகர்கள் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்?

(எச்சரிக்கை: இந்தக் கட்டுரையில் மூன்று கேம்களின் கதை முடிச்சுகளும் அவிழ்க்கப்படுகின்றன. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், விளையாடிவிட்டு வந்து படியுங்கள்.)

அப்படி என்ன கேம் அது?

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் முதல் பிளேஸ்டேஷனுக்காக வெளியானது ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’. அப்போது நிறுவனத்தின் பெயர் வெறும் ஸ்கொயர். எனிக்ஸுடன் இணைந்தது 2003ல்தான். யோஷினோரி கிட்டாசே இயக்கினார். கதாபாத்திரங்களை வரைந்தவர் டெட்சுயா நொமுரா. இசை நொபுவோ உயெமாட்சு. கேம் ஒரே சிடியில் அடங்கவில்லை, மூன்று சிடிக்களில் வந்தது.

கதை மிட்கர் என்ற இரும்பு நகரத்தில் தொடங்குகிறது. ஷின்ரா என்ற மின்சார கம்பெனி, பூமியின் உயிர்ச்சக்தியையே உறிஞ்சி மின்சாரமாக விற்கிறது. அதை எதிர்த்துக் குண்டு வைக்கும் ஒரு சிறு கும்பல். அந்தக் கும்பலுக்குக் கூலிக்கு வேலை பார்க்க வருகிறான் முன்னாள் படைவீரன் கிளவுட். வழியில் பூ விற்கும் பெண்ணாக ஏரித் அறிமுகமாகிறாள். பின்னாலேயே வில்லன் செஃபிராத்.

முதல் சிடியின் கடைசியில், பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும் ஏரித்தை மேலிருந்து இறங்கி வந்து வாளால் குத்திக் கொல்கிறான் செஃபிராத். அதுவரை நாம் வளர்த்து, ஆயுதம் வாங்கிக் கொடுத்து, சண்டை போடவைத்த ஒருத்தி அப்படியே போய்விடுகிறாள். உடனே ஒரு பெரிய சண்டை வருகிறது. ஆனால் வழக்கமான சண்டை இசை வராது. ஏரித்துக்கென்று அமைத்த அந்த மெல்லிய மெட்டுதான் சண்டை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் கிளவுட் அவள் உடலைத் தண்ணீரில் விடுகிறான். அவ்வளவுதான்.

அன்றைய பொம்மைகளுக்கு முகபாவமே கிடையாது. கைகள் கட்டை கட்டையாக இருக்கும். குரலும் இல்லை, எழுத்துதான். அதை வைத்துக்கொண்டே பலரைக் கண்கலங்க வைத்தார்கள். அவளை எப்படியாவது உயிரோடு கொண்டுவர வழி இருக்கிறது என்று வதந்திகள் வருடக்கணக்கில் சுற்றின. இந்த ஆயுதம் வாங்கு, அந்த ஊருக்குப் போ என்று ஆளுக்கொரு செய்முறை. அத்தனையும் பொய். ஆனாலும் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

ரீமேக் பற்றிய சண்டை முழுக்க இந்த ஒரு காட்சியைச் சுற்றித்தான் வட்டமடிக்கிறது.

ரீமேக், ரீமாஸ்டர், போர்ட்: மூன்றும் ஒன்றில்லை

பாதிச் சண்டை வார்த்தைக் குழப்பத்தால் வருவது. பழைய கேமை அப்படியே எடுத்துப் புது மெஷினில் ஓடவைத்தால் அது ‘போர்ட்’. படத்தைத் துலக்கி, ஒலியை மெருகேற்றி, உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டால் ‘ரீமாஸ்டர்’. சிவாஜி நடித்த ‘கர்ணன்’ 2012ல் டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினால் ‘ரீமேக்’.

சினிமாவில் ரீமேக் என்றால் வேறு நடிகர், வேறு மொழி, வேறு ஊர் என்று மாறத்தான் செய்யும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். கேமில் அப்படி இல்லை. அதே கிளவுட், அதே ஏரித், அதே தெரு வேண்டும். ஆனால் இன்றைய தொழில்நுட்பத்தில் வேண்டும். ‘அதேதான் வேண்டும், ஆனால் புதுசாக வேண்டும்’ என்ற இந்த ஆசையில் எது ‘அதே’, எது ‘புதுசு’ என்று கோடு போடுவதில்தான் இரண்டு ரசிகர்கள்கூட ஒத்துப்போவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சினிமாவைப் பார்க்கிறோம், கேமை விளையாடுகிறோம். கதையை அப்படியே வைத்துவிட்டு, விளையாடும் முறையை மட்டும் மாற்றினாலே அது வேறு அனுபவம். 1997ல் இருந்த சண்டைமுறை, நேரக் கோடு நிரம்பும்வரை காத்திருந்து, பட்டியலில் இருந்து கட்டளையைத் தேர்ந்தெடுப்பது. நிதானமாக யோசிக்கலாம். ரீமேக்கில் நாமே ஓடி, உருண்டு, வெட்டுகிறோம். அதோடு அந்தப் பழைய நேரக் கோட்டையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். இது அருமையான கலவை என்பவர்களும் உண்டு, உயிரே போச்சு என்பவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் ஸ்கொயர் எனிக்ஸ் ஜெயித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். முதலில் முணுமுணுத்தவர்களில் பலரும் இரண்டாம் பாகத்தில் அடங்கிவிட்டார்கள்.

பத்து வருஷம் காக்கவைத்த ஒரு சின்ன வீடியோ

எதிர்பார்ப்பு எப்படி இந்த அளவுக்கு வீங்கியது? 2005ல் அமெரிக்காவில் நடந்த இ3 கண்காட்சிக்குப் போக வேண்டும். வரப்போகும் பிளேஸ்டேஷன் 3 எவ்வளவு சக்தி வாய்ந்தது என்று காட்ட, ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ தொடக்கக் காட்சியைப் புதிய தரத்தில் செய்து போட்டுக் காட்டினார்கள். வெறும் தொழில்நுட்ப மாதிரிதான், கேம் கிடையாது என்று சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணில் காட்டிவிட்டு இல்லை என்றால் விடுவார்களா?

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நேரத்தில், 2014 டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த பிளேஸ்டேஷன் விழாவில் ஸ்கொயர் எனிக்ஸின் ஷின்ஜி ஹாஷிமோட்டோ மேடை ஏறினார். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ பெயர் திரையில் வந்தது. அரங்கம் துள்ளியது. வந்தது ரீமேக் இல்லை, பழைய கேமின் கம்ப்யூட்டர் பதிப்பை பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவரும் அறிவிப்பு. வெறும் போர்ட். ரசிகர்களைக் கடுப்பேற்றுவதற்கென்றே திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

ஆறே மாதத்தில், 2015 ஜூன் இ3 மேடையில் உண்மையான ரீமேக்கை அறிவித்தார்கள். அழுதவர்கள், கத்தியவர்கள், நாற்காலியில் இருந்து விழுந்தவர்கள் என அன்று ரசிகர்கள் தங்களையே படம்பிடித்துப் போட்ட வீடியோக்கள் இப்போதும் யூடியூபில் கிடக்கின்றன. அதே வருடம் டிசம்பரில் அடுத்த செய்தி: கேம் பல பாகங்களாக வரும். கொண்டாட்டத்தின் மேல் தண்ணீர் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. 2022 ஜூனில்தான் மொத்தம் மூன்று பாகம் என்று உறுதியானது.

மூன்று பாகம் என்றால் மூன்று தடவை முழு விலை. இரண்டாம் பாகம் அமெரிக்காவில் 70 டாலருக்கு விற்றது. 1997ல் ஒரே பெட்டியில் கிடைத்த கதைக்கு மூன்று முறை காசு கேட்பது நியாயமா என்ற கேள்வி அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அளவைப் பார்த்தால் ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகமும் முழு கேமுக்கு மேலேயே நீளம். இழுத்து இழுத்து நீளமாக்கினார்களா என்பது வேறு கேள்வி.

வந்தது ரீமேக், கூடவே பேய்களும்

முதல் பாகம் 2020 ஏப்ரல் 10 அன்று வெளியானது. உலகம் ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நேரம். முதல் மூன்று நாளில் 35 லட்சம் பிரதிகள் போனதாக நிறுவனம் அறிவித்தது. பழைய கேமில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் மிட்கர் பகுதியை மட்டும் 30, 40 மணி நேரக் கதையாக விரித்திருந்தார்கள். பழையதில் வந்து போனதே தெரியாமல் செத்துப்போன ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் மூவருக்கும் வீடு, குடும்பம், சிரிப்பு எல்லாம் கொடுத்தார்கள். இதை ரசிகர்கள் பெரும்பாலும் வரவேற்றார்கள்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. முக்காடு போட்ட பேய் மாதிரி உருவங்கள் திடீர் திடீரென்று கதைக்குள் புகுந்தன. 1997ல் நடந்ததற்கு மாறாக ஏதாவது நடக்கப் போனால், வந்து தடுத்து, கதையைப் பழைய பாதைக்குத் தள்ளிவிடும். அதாவது அவை விதியின் காவலர்கள். க்ளைமாக்ஸில் கிளவுடும் நண்பர்களும் சேர்ந்து அந்த விதியையே அடித்து வீழ்த்துகிறார்கள். ஏற்கெனவே செத்துப்போனவனாக எல்லோருக்கும் தெரிந்த ஜாக், வேறொரு உலகத்தில் உயிரோடு நடந்து வருகிறான்.

அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. ‘ரீமேக்’ என்ற சொல் கேமைப் பற்றியது மட்டுமில்லை, கதைக்குள்ளேயே விதியைத் திரும்ப எழுதுவதைப் பற்றியதும்கூட. அந்தப் பேய்கள் யார் என்று யோசித்தால் சங்கதி இன்னும் சுவாரஸ்யம். ‘மாற்றாதே, பழையபடியே இருக்கட்டும்’ என்று அடம்பிடிக்கும் ரசிகர்கள்தான் அந்தப் பேய்கள் என்று ஒரு வாசிப்பு உண்டு. அப்படிப் பார்த்தால் கடைசிச் சண்டையில் நம்மை வைத்தே நம்மை அடிக்கவிட்டிருக்கிறார்கள்.

இதில் இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பவர்கள் கேட்பது இது: 15 வருடம் காத்திருந்து கேட்டது ரீமேக். கொடுத்தது, பழைய கதை தெரிந்தால் மட்டுமே புரியக்கூடிய ஒரு தொடர்ச்சி. புதிதாக விளையாட வரும் பையனுக்கு ஜாக் யார் என்றே தெரியாது, அவன் எதற்கு வாயைப் பிளக்க வேண்டும்? ஆதரிப்பவர்களின் பதில் வேறு. அடுத்து என்ன நடக்கும் என்று காட்சிக்குக் காட்சி மனப்பாடமாகத் தெரிந்தால் விளையாடுவதில் என்ன இருக்கிறது? 1997ல் ஏரித் சாவு அதிர வைத்ததே, யாரும் அதை எதிர்பார்க்கவில்லை என்பதால்தானே? அந்த அதிர்ச்சியைத் திரும்பக் கொடுக்க வேண்டுமென்றால் நிச்சயத்தை உடைக்கத்தான் வேண்டும்.

படத்தை நகல் எடுக்கலாம், அதிர்ச்சியை நகல் எடுக்க முடியாது என்ற இந்த வாதத்துக்கு எதிர்த்தரப்பிடம் இதுவரை உருப்படியான பதில் இல்லை. ஆனால் அடுத்த பாகத்தில் ஸ்கொயர் எனிக்ஸே அவர்களுக்கு ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது.

ஏரித் செத்தாளா, இல்லையா?

இரண்டாம் பாகமான ‘ரீபர்த்’ 2024 பிப்ரவரி 29 அன்று பிளேஸ்டேஷன் 5ல் வந்தது. இயக்கியவர் நவோகி ஹமாகுச்சி. மிட்கரை விட்டு வெளியே வந்து, பரந்த உலகத்தில் சுற்றும் பாகம். சீட்டு விளையாட்டு, பியானோ, பந்தயம் என்று உள்ளே ஏகப்பட்ட குட்டி விளையாட்டுகள். அதில் சீட்டு விளையாட்டைப் பலரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்ற புலம்பலும் கேட்டது. கதை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கோழி மேய்க்கிற வேலை கொடுத்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்.

ஆனால் எல்லோரும் காத்திருந்தது கடைசிக் காட்சிக்கு. செஃபிராத் இறங்குகிறான். கிளவுட் இந்த முறை அந்த வாளைத் தடுத்துவிடுகிறான். ஏரித் கண் திறக்கிறாள். அடுத்த கணம் படம் கலங்கி, ரத்தம் தெரிகிறது. தடுத்ததும் உண்மை மாதிரி, குத்தியதும் உண்மை மாதிரி. நண்பர்கள் எல்லோரும் அழுகிறார்கள். கிளவுட் மட்டும் அவளோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மட்டும் அவள் தெரிகிறாள். அவன் மனநிலை பிசகிவிட்டதா, வேறு உலகத்தில் அவள் உயிரோடு இருக்கிறாளா? கேம் பதில் சொல்லாமல் முடிகிறது.

மாற்றம் வேண்டும் என்றவர்களுக்கும் இது நிறைவில்லை, வேண்டாம் என்றவர்களுக்கும் நிறைவில்லை. முக்கியமாக, கிளவுட் அவள் உடலைத் தண்ணீரில் விடும் காட்சி இல்லை. 1997ல் மனதைப் பிசைந்தது வாள் இறங்கிய கணத்தைவிட அந்தத் தண்ணீர்க் காட்சிதான் என்று சொல்பவர்கள் உண்டு. சாவைக் குழப்பலாம், துக்கத்தைக் குழப்பக் கூடாது என்பது அவர்கள் வாதம். அழவேண்டிய இடத்தில் ‘இப்போது எந்த உலகம் இது?’ என்று கணக்குப் போட வைத்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். கட்டாயம் காதுகொடுக்க வேண்டிய விமர்சனம் இது.

விமர்சகர்கள் மதிப்பெண்ணை வாரி வழங்கிய இந்தப் பாகம், வசூலில் அந்த அளவு போகவில்லை. லாபம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்று 2024ல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கதையில் செய்த மாற்றம்தான் காரணம் என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பியது. அதற்கு ஆதாரம் இல்லை. பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்தவர்கள் மட்டுமே முதலில் வாங்க முடிந்தது, கம்ப்யூட்டருக்கு வந்ததே 2025 ஜனவரியில்தான். போதாக்குறைக்கு, முதல் பாகம் விளையாடாதவர் இரண்டாம் பாகத்தை வாங்க மாட்டார். இவ்வளவு இருக்கும்போது பழியைத் தூக்கி பேய்கள் தலையில் போடுவது அவசரம்.

மாற்றினாலும் திட்டு, மாற்றாவிட்டாலும் திட்டு

மற்ற ரீமேக்குகள் கதை எப்படி? கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ ரீமேக் 2019ல் வந்தது. பழையதில் சிசிடிவி மாதிரி ஓர் ஓரத்தில் நின்ற கேமரா, புதியதில் கதாநாயகன் தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. விளையாடும் விதமே தலைகீழ். ஆனாலும் கொண்டாடினார்கள், ஏனென்றால் பயம் அப்படியே இருந்தது. அடுத்த வருடமே அதே நிறுவனம், அதே பாணியில் ‘ரெசிடென்ட் ஈவில் 3’ கொண்டுவந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. பழையதில் இருந்த மணிக்கூண்டுப் பகுதியைக் காணோம், கேமும் சீக்கிரமே முடிந்துவிட்டது. மாற்றுவதை மன்னிக்கிற ரசிகர்கள் வெட்டுவதை மன்னிப்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

2020ல் வந்த ‘டீமன்ஸ் சோல்ஸ்’ ரீமேக்கில் சண்டை, எதிரிகள், வழி எல்லாம் அச்சுப் பிசகாமல் அப்படியே வைத்தார்கள். அப்போதும் விடவில்லை. ஒரு குண்டு அதிகாரியின் முகம் பழைய மாதிரி இல்லை, இசையில் பழைய வெறுமை இல்லை என்று சண்டை. நேர்மாறாக, ‘சைலன்ட் ஹில் 2’ ரீமேக்கின் டிரெய்லர்களை ரசிகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். போலந்தின் புளூபர் டீமுக்கு இதெல்லாம் வராது என்றார்கள். 2024 அக்டோபரில் கேம் கைக்கு வந்ததும் அதே வாய்கள் பாராட்டின.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ரீமேக்கை யுபிசாஃப்ட்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்கள்தான் செய்துகொண்டிருந்தன. 2020 செப்டம்பரில் டிரெய்லர் வந்தது. காட்சித் தரம் பழைய மெஷின் கேம் மாதிரி இருக்கிறது என்று கேலி வெடித்தது. வெளியீடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, 2022ல் வேலை கனடாவின் மாண்ட்ரியல் ஸ்டூடியோவுக்குக் கைமாறியது. ரசிகர்கள் எதிர்பார்ப்பு ஒரு டிரெய்லரிலேயே ஒரு கேமின் தலையெழுத்தை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பழசை என்ன செய்தீர்கள்?

ரசிகர்களின் கோபத்தைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ரீமேக் மோசமாக இருந்தால் திட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஆனால் பழைய கேமையே பிடுங்கிக்கொண்டால் மறக்கவே மாட்டார்கள்.

2020 ஜனவரியில் வந்த ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு’ இதற்குப் பெயர்போனது. 2018ல் காட்டிய மெருகேற்றிய காட்சிகள் பல இறுதியில் இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய ‘வார்கிராஃப்ட் 3’ஐ காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் ஆன்லைன் பதிப்பும் புதியதோடு இணைக்கப்பட்டு, இருந்த சில வசதிகளும் காணாமல் போயின. மெட்டாகிரிட்டிக் தளத்தில் ரசிகர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. பிளிசார்ட் நிறுவனம் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

நம்மூர் பிரவுசிங் சென்டர் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த ‘வைஸ் சிட்டி’யும் இந்த வரிசையில் உண்டு. 2021 நவம்பரில் மூன்று பழைய ‘ஜிடிஏ’ கேம்களையும் மெருகேற்றி ஒரே தொகுப்பாக வெளியிட்டது ராக்ஸ்டார். முகங்கள் கோணல், மழை வெள்ளைக் கோடு கோடாகத் திரையை மறைத்தது. போதாததற்குப் பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து தூக்கியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்கான பழைய பதிப்புகளைத் தங்கள் கடையில் மறுபடி வைத்தார்கள்.

‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ விஷயத்தில் ஸ்கொயர் எனிக்ஸ் இந்தத் தப்பைச் செய்யவில்லை. 1997 கேம் ஸ்டீமிலும் கிடைக்கிறது, பிளேஸ்டேஷன் 4லும் கிடைக்கிறது, 2019 முதல் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் கிடைக்கிறது. கட்டைக் கையோடு, குரல் இல்லாமல், அப்படியே. ரீமேக் பிடிக்காதவர் பழையதற்குப் போகலாம். இவ்வளவு கலாட்டாவிலும் இந்த ரசிகர் கூட்டம் உடைந்துபோகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் பாகத்தில் என்ன கேட்கிறார்கள்?

பழைய கேமின் மிச்சக் கதையில் பெரிய சரக்குகள் பாக்கி இருக்கின்றன. ‘ஹைவிண்ட்’ என்ற பறக்கும் கப்பலில் உலகத்தைச் சுற்றுவது முதல் கோரிக்கை. தரையில் ஓடிக்கொண்டிருந்த நமக்கு மொத்த உலகமும் கீழே தெரியும் அந்தக் கணத்தை, வெறும் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தட்டிப் போகிற மாதிரி ஆக்கிவிடாதீர்கள் என்கிறார்கள். நீர்மூழ்கி வேண்டும், பூதாகாரமான ‘வெப்பன்’கள் வேண்டும், தங்க நிறச் சொகோபோ பறவையை வளர்த்து ‘நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட்’ மந்திரக்கல்லை எடுத்த அந்தப் பழைய பாடு திரும்ப வேண்டும்.

அதைவிட முக்கியம், கிளவுட் நினைவிழந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் பகுதி. சிறுவயதுத் தோழி டிஃபா அவன் மனதுக்குள் போய், அவன் யார் என்று அவனுக்கே நினைவுபடுத்துகிறாள். இத்தனை நாள் அவன் தன் கதை என்று சொன்னதில் பெரும்பகுதி இன்னொருவனின் கதை, ஜாக்கின் கதை, என்று அங்கேதான் உடைகிறது. பழைய கேமின் உண்மையான உச்சம் அதுதான் என்பவர்கள் நிறைய பேர்.

இரண்டாம் பாகத்தில் காணாமல்போன தண்ணீர்க் காட்சி இங்கேதான் வரும் என்று ஒரு கூட்டம் அடித்துச் சொல்கிறது. கிளவுட் உண்மையை மறுத்துக்கொண்டு இருப்பதால்தான் நாமும் அதைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெளிவு வரும்போது அவன் கைகளில் ஏரித்தின் உடல் இருந்ததும் நினைவுக்கு வரும், அப்போது காட்டுவார்கள் என்பது கணக்கு. எதிர்க்கூட்டம் இதை ஏற்கவில்லை. இத்தனை உலகங்களைத் திறந்து வைத்துவிட்டு அவளைச் சாகவிட்டால் எதற்கு இந்த மூன்று பாகமும் என்கிறார்கள். 1997ல் அவளைக் காப்பாற்ற வழி தேடி, தேடி, கிடைக்காமல் விட்டவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.